பிளாஸ்டிக் டாங்கியில் அடித்த சாயம் ஏன் கொப்புளம் கட்டுகிறது?

மோட்டார் சைக்கிளின் பிளாஸ்டிக் பெட்ரோல் டாங்கிக்குச் சாயம் அடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிட்டது என்றால், அடித்துக் கொடுத்தவரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பெரும்பாலும் தப்பு அவர் கையிலும் இல்லை, வாங்கிய சாயத்திலும் இல்லை. டாங்கிக்குள் இருக்கும் பெட்ரோல் அதன் சுவரையே ஊடுருவி வெளியே வருகிறது. ஓட்டை கிடையாது, விரிசல் கிடையாது, மூடியும் இறுக்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வருகிறது. அது வருகிற வழியைச் சாயம் போட்டு அடைத்தால் சாயத்தைத் தூக்கிவிட்டு இடம் பிடித்துக்கொள்ளும்.

பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் இந்தப் புகார் அடிக்கடி காதில் விழுவதில் ஆச்சரியம் இல்லை. சுற்றிலும் செம்பனையும் ரப்பரும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஸ்கிராம்பளர், அதாவது காட்டுப் பாதை மோட்டார், சத்தம் கேட்காமல் இருக்காது. வேலைக்குப் போக ஒரு கப்சாய் (சின்ன மோட்டார்), ஆசைக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் ஸ்கிராம்பளர் என்று இரண்டு வைத்திருக்கும் தம்பிகள் நிறைய. வாங்கியவுடன் முதல் வேலை, மஞ்சளடித்துப்போன வெள்ளை டாங்கியை வேறு நிறத்துக்கு மாற்றுவது. அங்கேதான் தொடங்குகிறது வம்பு. "அண்ணே, கப்சாய் கவருக்கு நீங்க அடிச்ச சாயம் இன்னும் கண்ணாடி மாதிரி இருக்கு, இதுக்கு மட்டும் ஏன்ணே இப்படி ஆச்சு?" என்று சாயம் அடிப்பவரிடம் போய் நிற்கிறார்கள். அவரும் பாவம், மறுபடி சுரண்டி, மறுபடி அடித்துக் கொடுக்கிறார். மறுபடியும் கொப்புளம்.

தம்பி கேட்கிற கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது. கப்சாயில் பெட்ரோல் டாங்கி என்பது பொதுவாகச் சீட்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் இரும்புப் பெட்டி. நாம் சாயம் அடிப்பது வெளியே தெரியும் கவர் செட்டுக்கு, அதற்கும் பெட்ரோலுக்கும் சம்பந்தமே இல்லை. இன்றைக்கு வரும் சில பெரிய மோட்டார்களிலும் டாங்கி மாதிரி தெரிவது மேல் மூடிதான், உண்மையான டாங்கி உள்ளே இரும்பில் இருக்கும். ஆனால் பந்தய ரக ஸ்கிராம்பளர்களில், கால் இடுக்கில் பிடித்துக்கொள்கிறோமே, அந்தப் பிளாஸ்டிக்கேதான் டாங்கி. உள்பக்கம் பெட்ரோல், வெளிப்பக்கம் உங்கள் சாயம், நடுவில் சில மில்லிமீட்டர் பிளாஸ்டிக்.

சில மில்லிமீட்டர் போதாதா, கவிழ்த்து வைத்தாலும் ஒரு சொட்டு ஒழுகவில்லையே என்று கேட்கலாம். ஒழுகுவது வேறு, ஊடுருவுவது வேறு. துரியான் சுளையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே இன்னொரு பை சுற்றி, இறுக்க முடிச்சுப் போட்டு காரில் வைத்துப் பாருங்கள், ஈப்போ போய்ச் சேர்வதற்குள் கார் முழுக்க மணந்துவிடும். பையில் ஓட்டை விழவில்லை. மணத்துக்குக் காரணமான மூலக்கூறுகள் பிளாஸ்டிக்குக்குள்ளேயே கரைந்து, அடுத்த பக்கமாக வெளியேறிவிடுகின்றன. டாங்கியிலும் இதுதான் நடக்கிறது. சுவர் பையைவிடப் பல மடங்கு தடிமன், அதனால் மெதுவாக நடக்கிறது.

இந்த டாங்கிகளைப் பெரும்பாலும் பாலிஎத்திலீனில் செய்கிறார்கள். தோட்டத்தில் களைக்கொல்லி வருகிற கெட்டியான கேன் இருக்கிறதல்லவா, அதுவும் அதே இனம்தான். கீழே விழுந்தால் உடையாது, கல்லில் மோதினால் நசுங்கி மறுபடி நிமிரும், எடை குறைவு, துருப்பிடிக்காது. காட்டுப் பாதையில் விழுந்து எழும் வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான சாமான் கிடைப்பது கஷ்டம். தண்ணீரில் கரைத்த களைக்கொல்லி இந்தக் கேனில் வருடக்கணக்கில் அப்படியே இருக்கும், வெளியே ஈரம்கூடத் தட்டாது. அதே கேனில் பெட்ரோல் ஊற்றி ஸ்டோரில் வைத்தால் ஸ்டோர் முழுக்க வாடை வீசும். மூடி சரியில்லை என்று நாம் நினைத்துக்கொள்வோம். மூடி ஓரமாகக் கொஞ்சம் கசிந்திருக்கலாம்தான், ஆனால் நல்ல மூடி போட்டாலும் வாடை முழுசாக நிற்காது.

ஏன் தண்ணீருக்கு ஒரு நியாயம், பெட்ரோலுக்கு ஒரு நியாயம்? பாலிஎத்திலீன் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்த நீள நீளமான சங்கிலிகள். பெட்ரோலும் கார்பனும் ஹைட்ரஜனும்தான், சின்னச் சின்ன மூலக்கூறுகளாக. இரண்டும் ஒரே குடும்பம், ஒன்றோடு ஒன்று ஒட்டிப் பழகும். தண்ணீரின் குணமே வேறு, பாலிஎத்திலீன் அதைப் பக்கத்தில் சேர்க்காது. அதனால் பெட்ரோலின் மூலக்கூறு முதலில் சுவரின் உள்பக்கத்தில் கரைகிறது, பிறகு சங்கிலிகள் நெருக்கமில்லாமல் கிடக்கும் இடங்கள் வழியாக நெளிந்து நெளிந்து நகர்கிறது, கடைசியில் வெளிப்பக்கத்தில் ஆவியாகக் காற்றில் கலக்கிறது. சுவரில் துளை இருப்பதால் இது நடக்கவில்லை, அந்தப் பிளாஸ்டிக்கின் இயல்பே அப்படி. ஆகவே எந்தத் துளையையும் தேடி அடைக்கவும் முடியாது. பெட்ரோலில் இருக்கும் டொலுயீன், சைலீன் மாதிரியான சாமான்கள் இப்படிப் போவதில் கெட்டிக்காரர்கள். சாயக்கடையில் வாங்கும் தின்னரிலும் இவை பல சமயம் இருக்கும். யோசித்துப் பார்த்தால், சாயத்தின் அடிவயிற்றில் இருபத்து நான்கு மணி நேரமும் யாரோ கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னர் தடவிக்கொண்டே இருக்கிற நிலைமைதான் இது.

எவ்வளவு வரும் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்காவில் 2008 முதல் புது மோட்டார்களுக்கு ஒரு வரம்பு இருக்கிறது: டாங்கிச் சுவரின் ஒரு சதுர மீட்டர் வழியாக ஒரு நாளைக்கு 1.5 கிராமுக்கு மேல் பெட்ரோல் ஊடுருவி வெளியேறக் கூடாது. காற்று மாசுபடுகிறது என்பதற்காக வந்த விதி அது, நம் சாயத்துக்காக வந்தது இல்லை. போட்டிக்கு மட்டும் என்று விற்கப்படும் வண்டிகளுக்கு அதிலிருந்து விலக்கும் உண்டு, நம் ஆட்கள் தேடித் தேடி வாங்குகிற ஸ்கிராம்பளர்களில் பல அந்த ரகம்தான். சரி, விதிக்குள் அடங்கும் டாங்கி என்றே வைத்துக்கொள்வோம். சின்ன டாங்கியின் சுவர்ப் பரப்பு ஒரு சதுர மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால், நாளைக்கு அரை கிராம். அரை கிராம் ஒன்றுமில்லை மாதிரி தோன்றும். ஆனால் பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி ஒரு கிராம் ஆவியானால் ஏறக்குறைய கால் லிட்டரிலிருந்து மூன்றில் ஒரு பங்கு லிட்டர் வரை இடம் பிடிக்கும். அப்படியானால் அரை கிராம் என்பது ஒரு சின்ன கிளாஸ் நிறைய ஆவி, ஒவ்வொரு நாளும். தடுப்பு எதுவும் செய்யாத வெறும் பாலிஎத்திலீன் டாங்கி என்றால் இதற்குப் பல மடங்கு. தலைமுடி தடிமனே இருக்கும் சாயத் தோலுக்கு அடியில் இவ்வளவும் வந்து முட்டினால் அது எங்கே போகும்?

இதில் சூடு வேறு. வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஊடுருவும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். மேலே சொன்ன விதிப்படி டாங்கியைச் சோதிக்கும் முறையைப் பார்த்தாலே சூட்டில் வேகம் கூடுவது புரியும்: அளக்கத் தொடங்குவதற்கு முன் டாங்கியில் பெட்ரோல் ஊற்றி 28 டிகிரி அளவில் 20 வாரம் ஊறவைக்க வேண்டும், 43 டிகிரியில் வைத்தால் 10 வாரம் போதும். பெட்ரோல் சுவர் முழுக்கச் சீராக ஊறி முடிய அவ்வளவு காலம் எடுக்கும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. நம் ஊர் வெயிலில், வேலி ஓரம் நிறுத்திய வண்டியின் டாங்கியில் மத்தியானம் கை வைக்க முடியாது. குளிர்நாட்டுக்காரர் ஒருவர் போட்ட வீடியோவைப் பார்த்து, "அவருக்கு ஒரு வருஷம் தாங்கியிருக்கே" என்று நாம் நம்பக் கூடாது, அவர் ஊர் வெப்பம் வேறு, நம் ஊர் வெப்பம் வேறு.

கொப்புளம் உடனே வராமல் சில நாளோ சில வாரமோ கழித்து வருவதும் இதனால்தான். புத்தம் புது டாங்கி, இதுவரை பெட்ரோலே பார்த்ததில்லை என்றால் சுவர் முழுக்கச் சுத்தம். சாயம் அடித்தால் அழகாக நிற்கும், படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பலாம். பிறகு பெட்ரோல் ஊற்றுவோம். அது உள்பக்கத்திலிருந்து ஊறி வெளிப்பக்கம் வந்து சேரும் வரை எந்த மாற்றமும் தெரியாது. பழைய டாங்கி என்றால் அந்த அவகாசமும் இல்லை, சுவரில் ஏற்கெனவே பெட்ரோல் ஊறிக் கிடக்கிறது. பெட்ரோலை வடித்து, சோப்புப் போட்டுக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்துவிட்டேன் என்பார்கள். கழுவியதில் உள்பக்கம் சுத்தமாகியிருக்கும், சுவருக்குள் இருப்பது அப்படியே இருக்கும். வாரக்கணக்கில் திறந்து வைத்து அதையும் வெளியேற்றிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம், மறுபடி எண்ணெய் ஊற்றாமல் வண்டி ஓடாதே.

இனி சாயத்தின் பக்கம் வருவோம், அங்கேயும் ஒரு பலவீனம் இருக்கிறது. பாலிஎத்திலீன் மேல் எதுவும் சரியாக ஒட்டாது. டாங்கியை நன்றாகத் துடைத்துவிட்டு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், பரவாது, உருண்டையாக நின்று சாய்த்தால் ஓடிவிடும். ஈரமான சாயத்துக்கும் அந்த இடத்தோடு உறவு பிடிப்பது கஷ்டம்தான். மணல்தாள் போட்டுத் தேய்த்தால் கீறல்களுக்குள் சாயம் கொஞ்சம் கவ்விப் பிடிக்கும், அதுவும் கீறலின் பிடிதானே தவிர உண்மையான ஒட்டுதல் இல்லை. பம்பருக்கு அடிக்கும் பிளாஸ்டிக் பிரைமர் இருக்கிறதே என்றால், அது அநேகமாகப் பாலிபுரோப்பிலீன் வகைக்கு என்று செய்தது. பாலிஎத்திலீனில் அதன் வேலை அவ்வளவு திருப்தியாக இருக்காது. இருந்தாலும் வெறும் ஒட்டுதல் குறைவு மட்டும் என்றால் சாயம் செதில் செதிலாக உரியும், நகத்தால் சுரண்டினால் வரும். கொப்புளம் கட்டாது. கொப்புளத்துக்கு அடியிலிருந்து ஒன்று தள்ள வேண்டும்.

அந்தக் கொப்புளத்தை ஒரு தடவை பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலில் கடுகு அளவில் நாலைந்து, பெரும்பாலும் வெயில் நேராக விழும் மேல்பக்கம். பிறகு பக்கத்தில் இருப்பவை ஒன்றோடு ஒன்று சேர்ந்து ஐந்து காசு, பத்து காசு அளவாகும். விரலால் அமுக்கினால் மெத்தென்று இருக்கும், விட்டால் மெல்ல எழும். காலைக் குளிரில் தளர்ந்து சுருங்கிக் கிடப்பது மத்தியானம் இறுகி நிமிர்ந்து நிற்கும். ஊசியால் குத்தினால் புஸ்ஸென்று அடங்கும், மூக்கைக் கொண்டுபோனால் பெட்ரோல் வாடை. அடியில் இருக்கும் பிளாஸ்டிக் சுத்தமாக, வழுவழுவென்று இருக்கும், சாயத்தின் ஒரு துணுக்குகூட அதில் மிச்சம் இருக்காது. கொப்புளத்தின் தோல் புதிதாக அடித்த சாயத்தைவிட மெத்தென்று, நகம் பட்டால் பதிகிற மாதிரி ஆகியிருக்கும், ஏனென்றால் அது இத்தனை நாளும் பெட்ரோல் ஆவியில் ஊறியிருக்கிறது.

இந்த அடையாளங்கள் முக்கியம், ஏனென்றால் எல்லாக் கொப்புளமும் இந்தக் காரணத்தால் வருவதில்லை. இரும்பு டாங்கியில் கொப்புளம் வந்தால் அது துரு. குத்தினால் பழுப்பாகப் பொடி கொட்டும், ஓரத் தையல் பக்கமும் பெட்ரோல் சிந்தும் மூடியைச் சுற்றியும்தான் முதலில் கிளம்பும். அடித்த அன்றைக்கே ஊசிமுனை அளவில் நூற்றுக்கணக்கில் பொரிந்திருந்தால் அது சாயத்தை ஒரே மூச்சில் தடிமனாக அடித்ததால் உள்ளே மாட்டிக்கொண்ட தின்னரோ, கம்ப்ரஸர் குழாயிலிருந்து வந்த தண்ணீரோ. மழைக் காலத்தில் திறந்த கொட்டகையில் அடித்தாலும் கோளாறு வரும். அதெல்லாம் வேலையின் குறை, அதற்குச் சாயம் அடித்தவரிடம் கேட்கலாம். பெட்ரோல் ஊற்றிய பிறகு, நாள் கழித்து, மெத்தென்று வருகிற பெரிய கொப்புளத்துக்கு அவரைக் கேட்டுப் பயனில்லை.

விலை கூடிய சாயம் அடித்தால் தாங்கும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஹார்டனர் கலந்து சாயத்துக்கு மேல் அடிக்கும் நிறமில்லாத பூச்சு, 2கே கிளியர், பெட்ரோல் சிந்தினால் தாங்கும் என்பது உண்மை. மேலிருந்து சிந்துவதைத்தான் அது தாங்கும். அடியிலிருந்து வரும் ஆவியைப் பொறுத்தவரை, சாயத் தோல் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு நன்றாக அது வழியை அடைக்கிறது, அடைக்க அடைக்க அடியில் சேருவது கூடும். மூன்று கோட் கிளியர் போட்டு இன்னும் கெட்டியாக்கினால் கொப்புளமும் கெட்டியாக வரும்.

அப்படியானால் கம்பெனிக்காரர்கள் மட்டும் எப்படிச் சமாளிக்கிறார்கள்? ஆவியை வெளிப்பக்கம் வர விடாமல் பிளாஸ்டிக்கிலேயே தடுக்கிறார்கள். ஒரு முறை, தொழிற்சாலையில் டாங்கிக்கு ஃப்ளூரின் வாயு காட்டுவது. சுவரின் மேல்தோலில் இருக்கும் ஹைட்ரஜனை ஃப்ளூரின் மாற்றிவிடும், அந்தத் தோலைப் பெட்ரோலுக்குப் பிடிக்காமல் போய்விடும். ஃப்ளூரின் ஆளைக் கொல்லக்கூடிய வாயு, பட்டறையில் நினைத்துப் பார்க்கவே கூடாத வேலை. கார் டாங்கிகளில் வேறு வழி: பாலிஎத்திலீன் சுவரின் நடுவில் பெட்ரோலை விடாத இன்னொரு பிளாஸ்டிக்கை மெல்லிய அடுக்காக வைத்து, எல்லாவற்றையும் ஒன்றாகவே வார்த்துவிடுவார்கள். மூன்றாவது, டாங்கியையே நைலானில் செய்வது. நைலான் பெட்ரோலை நன்றாகத் தடுக்கும், சாயமும் பிடிக்கும், அதனால் சாலையில் ஓடும் சில பெரிய மோட்டார்களில் சாயம் அடித்த நைலான் டாங்கி உண்டு. அதன் எதிரி எத்தனால். எத்தனால் கலந்த பெட்ரோல் பட்டால் நைலான் உப்பும், டாங்கி உருவம் மாறும். இந்தப் பக்கத்துப் பையன்கள் கிரீக், பெங்காலான் ஹூலு வழியாகத் தாய்லாந்தின் பெத்தோங்குக்கு ரைடு போகிறார்கள், அங்கே பம்பில் ஊற்றுவது பெரும்பாலும் கேசோஹோல்தான், அதாவது எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு தடவை ஊற்றினால் ஒன்றும் ஆகிவிடாது. நைலான் டாங்கி வைத்திருப்பவர்கள் திரும்பி வந்ததும் அதை டாங்கியிலேயே மாதக்கணக்கில் விட்டுவைக்காமல் ஓட்டித் தீர்த்துவிடுங்கள்.

உங்கள் டாங்கி எந்த வகை என்று பார்க்க, கழற்றி அடிப்பக்கம் பாருங்கள். பல டாங்கிகளில் பிளாஸ்டிக்கின் பெயரை இரண்டு மூன்று ஆங்கில எழுத்தில் வார்த்திருப்பார்கள். பி, இ என்ற எழுத்துகள் இருந்தால் பாலிஎத்திலீன், பி, ஏ என்றிருந்தால் நைலான். எழுத்து ஒன்றும் இல்லை, ஆனால் டாங்கி மெழுகு மாதிரி வழுவழுப்பாக, உள்ளே பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று வெளிச்சத்தில் தெரிகிற அளவுக்கு மங்கலாக இருக்கிறது என்றால் பாலிஎத்திலீன் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒன்றை மட்டும் உரக்கச் சொல்ல வேண்டும். பாலிஎத்திலீன் மேல் சாயம் பிடிக்க, மேல்தோலில் நெருப்பு காட்டுவது தொழிற்சாலைகளில் உள்ள முறைதான். லேசாகச் சுடர் பட்டால் அந்த மேல்தோல் மாறி சாயத்தை ஏற்றுக்கொள்ளும். இதைப் பார்த்துவிட்டு யாரோ கேஸ் டார்ச்சைக் கொண்டு பழைய டாங்கியில் முயன்று பார்க்கச் சொல்வார்கள். ஒருபோதும் செய்யாதீர்கள். ஒரு தடவை பெட்ரோல் ஊற்றிய டாங்கி, கழுவினாலும் காயவைத்தாலும், சுவருக்குள் ஊறியதை உள்பக்கமும் வெளிப்பக்கமும் விட்டுக்கொண்டேதான் இருக்கும். காற்றில் ஒன்றரை சதவீத அளவில் பெட்ரோல் ஆவி கலந்தாலே பற்றிக்கொள்ளும். காலி டாங்கி நிறைந்த டாங்கியைவிட ஆபத்து. அப்படியே உயிரோடு தப்பித்துச் சாயத்தை ஒட்டவைத்தாலும், ஊடுருவல் நிற்கப் போவதில்லை, கொப்புளம் கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவுதான். இரும்பு டாங்கியின் உள்ளே ஊற்றும் சீலரை இதில் ஊற்றலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். வெளியே ஒட்டாதது உள்ளேயும் ஒட்டாது, உரிந்துபோய்க் கார்புரேட்டரை அடைக்கும்.

நிறம் வேண்டும் என்றால் நிறத்தோடு வார்த்த டாங்கியாகப் பாருங்கள். இத்தாலியின் அச்செர்பிஸ் மாதிரி கம்பெனிகள் ஸ்கிராம்பளருக்குத் தனியாக டாங்கி செய்து விற்கின்றன, நிறம் பிளாஸ்டிக்கிலேயே கலந்திருக்கும், உரிவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. கறுப்பு எடுத்தால் மஞ்சளடிப்பதும் தெரியாது, ஆனால் வெளியிலிருந்து பெட்ரோல் மட்டம் பார்க்க முடியாது, தோட்டத்து நடுவில் நின்றுவிட்டால் கஷ்டம், அதை யோசித்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் வெள்ளையே நல்லது. மஞ்சள் என்பது பெட்ரோல் ஊறிய கறை, வண்டி ஓடிய அடையாளம். மெல்லிய மணல்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் மேல் அழுக்கு போகும், உள்ளே ஊறிய மஞ்சள் போகாது, விட்டுவிடுங்கள்.

அழகு கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கு ஸ்டிக்கர் இருக்கிறது, ஆனால் சாதா ஸ்டிக்கர் சாயம் மாதிரியே உப்பும். டாங்கிக்கு என்று சின்னச் சின்னத் துளை போட்ட ஸ்டிக்கர் விற்கிறார்கள், சீட்டை வெளிச்சத்தில் பிடித்தால் துளைகள் வரிசையாகத் தெரியும், ஆவி அது வழியாகப் போய்விடும். அதுவும் காலத்துக்கும் நிற்காது, ஆனால் சாயத்தைவிட நன்றாகத் தாங்கும், உப்பினால் உரித்துவிட்டு வேறு ஒட்டலாம், சுரண்டுகிற வேலை இல்லை. மூடியைச் சுற்றிப் பெட்ரோல் சிந்தும் இடம் வரை கொண்டுபோகாமல் கொஞ்சம் தள்ளியே ஓரத்தை முடித்துவிடுங்கள், பசை கரைந்து முதலில் தூக்குவது அந்த ஓரம்தான். அந்த ஸ்டிக்கருக்கு மேல் பளபளப்புக்காகக் கிளியர் அடிக்கச் சொல்லி யாரையும் கேட்காதீர்கள், துளைகள் எல்லாம் அடைந்துவிடும்.